உறியும் பூம்பாத்தியும்

மன்னார்குடியில் எங்கள் அப்பாயி பூனையோடு போட்ட சண்டையெல்லாம் பாலுக்காகத்தான். பூச்செடிக்காக அவள் பூனையை விரட்டி நான் பார்த்ததில்லை. காய்ச்சிய பால், உறை ஊற்றிய தயிர், ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கெண்டை மீன், இந்த மூன்றில்தான் தகராறு. பாலும் தயிரும் உறிக்குப் போய்விடும். மீன் கவிழ்த்த கூடைக்குள். கூடையின் மேல் அம்மிக் குழவி. பூனை உறிக்குக் கீழே உட்கார்ந்து மேலே பார்க்கும். அப்பாயி அடுப்படி வாசலில் உட்கார்ந்து பூனையைப் பார்ப்பாள். எழுபதுகளின் பிற்பகல்கள் எங்கள் வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் கழிந்தன.

அந்தப் பூனைக்கு வீட்டில் உத்தியோகம் உண்டு. குதிரில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி இருந்தது, எலிக்குப் பூனை. சம்பளம் என்று எதுவும் பேசப்படவில்லை. பூனை தன் சம்பளத்தைத் தானே எடுத்துக்கொள்ள முயலும்போது மட்டும் துடைப்பம் பறக்கும். பெயரும் வைக்கவில்லை. ‘ச்சூ’ என்பதுதான் தன் பெயர் என்று அது நினைத்திருக்கலாம்.

கொல்லை தனி ராஜ்யம். கிணற்றடியிலிருந்து கனகாம்பரம், டிசம்பர் பூ, மருக்கொழுந்து, செண்டுமல்லி. அதைத் தாண்டினால் வைக்கோல் போர், சாம்பல் மேடு, எருக்குழி, கடைசியில் மூங்கில் புதர். பூனை ‘அதற்கு’ எங்கே போய்விட்டு வருகிறது என்று யாரும் விசாரித்ததில்லை. மனிதர்கள் எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்றே விசாரிக்காத காலம் அது. சொம்போடு ஒருவர் கொல்லைப் பக்கம் நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை. பூனைக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். பால் பாக்கெட்டில் வந்து நேராக ஃபிரிட்ஜுக்குள் போகிறது. ஃபிரிட்ஜைத் திறக்கத் தெரிந்த பூனையை நான் இதுவரை சந்திக்கவில்லை. குதிர் இல்லை, அரிசி 25 கிலோ பையில் வந்து பிளாஸ்டிக் டிரம்முக்குள் மூடிக்கொள்கிறது. ஆக, எங்கள் வீட்டில் பூனைக்கு வேலையும் இல்லை, வரும்படியும் இல்லை. இருந்தும் தெருப் பூனைகள் தவறாமல் வருகின்றன. ஒரே ஒரு காரியத்துக்கு.

கேட்டை ஒட்டி எனக்கு ஒரு பூம்பாத்தி இருக்கிறது. பத்தடி நீளம், மூன்றடி அகலம். ஜீனியா, காசித்தும்பை, வாடாமல்லி, ஓரத்தில் டேபிள் ரோஸ். சாயங்காலம் நாற்று நட்டால் காலையில் நாற்று வேறு, குழி வேறாகக் கிடக்கும். பூனையின் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இடம் பார்த்து, நாற்றை ஓரமாகத் தள்ளி, குழி பறித்து, முடித்து, முகர்ந்து பார்த்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் போகும். எங்கள் தெருவில் குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டுகிறவர்களிடம் இந்தக் கடைசிப் பழக்கம் கிடையாது.

நாற்றம் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு நுண்ணுயிரி. அது தன் பால்வழி இனப்பெருக்கத்தைப் பூனைக் குடும்பத்தின் குடலில்தான் முடிக்கும். முதல்முறை தொற்றிய பூனையின் மலத்தில் ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதன் முட்டைகள் வெளியேறும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடந்தும் சாகாது. கர்ப்பிணிகள் தோட்டவேலைக்குக் கையுறை போட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். என் வயதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் வெறும் கையால் களை பறிக்கும்போது விரலில் படுவது மண்தானா என்று ஒரு கணம் நின்று யோசிப்பதற்கு வயது வரம்பு இல்லை.

எதற்காக என் பாத்தி? வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, ஆப்பிரிக்க வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. காய்ந்த, உதிரியான, காலால் பறித்தால் வழிவிடுகிற மண்தான் அதற்கு விருப்பம். நானோ செம்மண்ணும் மக்கிய சாணமும் தென்னை நார்க் கழிவும் கலந்து, களைக்கொத்தால் கொத்திப் பொலபொலவென்று வைத்திருக்கிறேன். பூனைகளைக் கலந்தாலோசித்துச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த தொண்ணூறுகளில் இதே தெருவில் இதைவிட அதிகப் பூனைகள் இருந்தன. என் செடியை ஒன்றுகூடத் தொட்டதில்லை. காரணம் எளிது. அன்று தெருவில் பாதி மனை காலி. மீதிப் பாதியில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பும் ஒவ்வொரு வீட்டின் முன்பும் ஒரு லோடு ஆற்று மணல் கொட்டிக் கிடக்கும். பாலாற்று மணல், வெயிலில் காய்ந்து, சலித்த ரவையாக. பகலில் அதில் பிள்ளைகள் குகை குடைந்தார்கள். இரவில் பூனைகளுக்கு. மறுநாள் சல்லடையில் மணலை அள்ளிப் போடும் சித்தாள் வாயிலிருந்து வரும் வசவைக் கேட்டே முந்தின இரவு எத்தனை பூனை வந்துபோனது என்று சொல்லிவிடலாம். அந்த மணல் பிறகு பூச்சு வேலைக்குப் போய்ச் சுவரானது. எங்கள் தெரு வீடுகளின் உறுதியில் பூனைகளுக்கும் பங்குண்டு. அதை வீட்டுக்காரர்களிடம் நான் சொல்வதில்லை.

2003-இல் ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அதன் பிறகு மணல் என்பது லாரிக் கூலி, சீட்டு, வரிசை, வழக்கு என்று பெரிய மனிதர்கள் பேசும் விஷயமாகிவிட்டது. கட்டடங்களுக்குக் கருங்கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்ட் வந்தது. காலில் குத்தும் அந்தத் துகளைப் பூனை சீண்டுவதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் குவியலும் போய், வயிற்றைச் சுழற்றிக்கொண்டே வரும் ரெடிமிக்ஸ் லாரி வந்தது. காலி மனைகளில் அடுக்குமாடி நின்றது. அடியில் கார் நிறுத்துமிடம், அங்கே பேவர் பிளாக். சாலை சிமெண்ட், ஓரமும் சிமெண்ட். மரத்தின் அடியைக்கூடக் கழுத்து வரை பூசிவிட்டார்கள். கடைசிக் காலி மனையும் போன வருஷத்தில் பூனைகள் கூடிப் பேசினவோ என்னவோ, நேராக என் கேட்டுக்கு வந்துவிட்டன. கால் பதிய மண் இருப்பது இங்கே மட்டும்தான். ஒரு தெருவுக்கே பொதுக் கழிப்பிடம் கட்டிவைத்திருக்கிறேன், அதில் பூவும் பூக்கிறது.

காரணம் தெரிந்தும் விரட்டாமல் இருக்க முடியுமா? தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். முதலில் வந்தது நீல பாட்டில். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்து, பாட்டிலில் ஊற்றி வாசலில் வைத்தால் நாய் அண்டாது என்று தமிழ்நாட்டில் பாதித் தெருக்கள் நம்புகின்றன. நாய்க்குச் சரிப்படுவது பூனைக்கும் சரிப்படும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வாசலில் நாய் அந்த பாட்டிலில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்புறம் சாத்துக்குடித் தோல். புளிப்பு வாசனை பூனைக்கு ஆகாது. ஜூஸ் கடைக்காரர் ஒரு பை நிறையக் கொடுத்தார். தோல் பரப்பிய இடத்துக்குப் பூனை வரவில்லை, எறும்பு வந்தது. தோல் காய்ந்ததும் எறும்பு போனது, பூனை வந்தது. பலர் சொல்லும் அந்துருண்டையும் மிளகாய்ப் பொடியும் எனக்குச் சம்மதமில்லை. அந்துருண்டையின் நாப்தலின் பூனைக்கு விஷம். வாசனைத் தைலங்களிலும் பலவற்றை அதன் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டதை நக்கியே சுத்தம் செய்யும் பிராணியின் பாதையில் இதையெல்லாம் தூவுவது விரட்டுவதில் சேராது.

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அவன் அனுப்பிவைத்தது சூரிய ஒளியில் ஓடும் ஒரு பெட்டி. பூனை குறுக்கே வந்தால் நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். பிரிட்டனில் இப்படி ஒரு கருவியை வீட்டுத் தோட்டங்களில் வைத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சோதனையில் பூனை வரத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். மிச்சம் இருக்கும் இரண்டு பங்கு என் பாத்திக்குத் தாராளம். பெட்டி தன் வேலையைச் செய்ததா என்று நமக்குத் தெரிய வழியில்லை, நமக்குத்தான் கேட்காதே. ஆனால் நாய்க்கு 45,000 வரை கேட்கும். எதிர் வீட்டு நாய் விடிய விடியக் குரைத்தது. அதன் சொந்தக்காரர் காலையில் வந்து, “என்னங்க, வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார். பெட்டி இப்போது பரணில்.

அவன் இன்னொன்றும் சொன்னான். அங்கே சிங்கத்தின் மலத்தைச் சேர்த்த உருண்டைகளை ‘சைலன்ட் ரோர்’ என்ற பெயரில் விற்றார்களாம். தன்னைவிடப் பெரிய பூனையின் எல்லை இது என்று எண்ணித் தெருப்பூனை ஒதுங்கிவிடும் என்பது கணக்கு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குப் பக்கத்து ஊர் வண்டலூர். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 1985-இல் இங்கே பெரிதாகத் திறக்கப்பட்டது; காற்று வாகாக இருந்தால் விடியற்காலையில் சிங்கத்தின் உறுமல் எங்கள் மொட்டைமாடி வரை கேட்கும். எங்கள் தெருப் பூனைகள் அந்தத் தாலாட்டில் வளர்ந்தவை. குரலுக்கே காது ஆட்டாதவை மலத்துக்கா மசியும்?

தெரு நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சுருக்கு வழி ஒன்று சொன்னார். சாக்கில் போட்டுக் கட்டி, செங்கல்பட்டு தாண்டி விட்டுவிடலாம் என்று. மன்னார்குடியிலும் இந்த வைத்தியம் உண்டு. பாமணி ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை, விட்டவர் வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள் திண்ணையில் இருக்கும் என்பார்கள். கொல்வதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலொழியப் பாவம் தீராது என்பது அப்பாயியின் சட்டம். ஒரு கிராம் தங்கத்துக்கே வழியில்லாத வீட்டில் அது வலுவான சட்டம்.

டெல்லியில் போட்ட சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. கலாக்ஷேத்திரத்தை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினராகப் போனவர். நடனத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் விலங்குகளை வதைப்பதற்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அந்தச் சட்டப்படி, பிராணியை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. இன்றும் அதே தொகைதான் எழுதியிருக்கிறது. அப்பாயியின் தங்கப் பூனை பவுன் விலையோடு ஏறிக்கொண்டே போக, அரசாங்கத்தின் பூனை ஒரு காபி விலையில் நிற்கிறது. கொன்றாலோ முடமாக்கினாலோ விஷயம் வேறு: 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. இதைக் கூட்டத்தில் ஒரு வக்கீல் எடுத்துச் சொன்னார். பெரியவர் சாக்கைப் பற்றி அப்புறம் பேசவில்லை. டீ வந்ததா என்று கேட்டார்.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்தான் பூனைகளின் தரப்பு. ஐடி வேலை, ராத்திரி ஷிப்ட். இரவு எட்டு மணிக்குக் கிளம்பும் முன்பு கிண்ணத்தில் உலர் தீனி வைப்பாள். பூனைகளுக்கு மிலோ, லூனா, சிம்பா என்று பெயர். அப்பாயி கேட்டிருந்தால் யாருடைய பிள்ளைகள் என்று விசாரித்திருப்பாள். எல்லாவற்றையும் தன் செலவில் கருத்தடைக்குக் கொண்டுபோய்விட்டு வந்தவள் என்பதால், குட்டி பெருகுகிறது என்று நான் குறை சொல்லவும் வழியில்லை.

“ஆன்ட்டி, மிலோவைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா. என் ஜீனியா மேல உக்காந்திருந்துச்சு.”

“அய்யோ, ஸோ க்யூட்!”

ஜீனியாவைப் பற்றி அவளுக்குத் தனியாக அபிப்பிராயம் எதுவும் இல்லை. தீனி மேல் மாடியில், கழிவு கீழ் வீட்டில் என்று இந்த ஏற்பாடு எப்படி அமைந்தது என்று கேட்டேன். “அதுங்க எங்க ஆன்ட்டி போகும்? தெரு ஃபுல்லா டைல்ஸ்தானே?” என்றாள். நான் இவ்வளவு மணல் வரலாறு யோசித்துக் கண்டுபிடித்ததை அந்தப் பெண் கைப்பையைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

கடைசியில் வேலைக்கு உதவியது கோழி வலைதான். கம்பி வலையைப் பாத்தி அளவுக்கு வெட்டி, ஓரக் கம்பியை உள்ளே மடித்து, மேல்மண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே விரித்து, வலைக் கண்களில் நாற்றை நட வேண்டும். செடி வளரும்; பறிக்கிற காலுக்கு மட்டும் வலை தட்டுப்படும். இடைவெளி தெரியாமல் நெருக்கி நட்டால் இன்னும் நல்லது. சாயங்காலத் தண்ணீரும் உதவுகிறது. ஈர மண்ணில் கால் வைக்கப் பூனைக்கு இஷ்டமில்லை. கவாத்து செய்த போகன்வில்லா முள்ளை நடுவில் போடலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அதில் முதலில் குத்திக்கொள்வது நாம்தான்.

வலை போட்ட வாரமே ஒரு சாயங்காலம் தெருப் பூனைகள் அத்தனையும் பாத்திக்குள் இருந்தன. பறிப்பதற்கில்லை, புரள்வதற்கு. ஒன்று மல்லாந்து கிடந்தது, இன்னொன்றுக்கு வாயில் எச்சில் ஒழுகியது. தோட்டக்காரர் அன்று காலை களை பிடுங்கி, இயற்கை உரமாகட்டும் என்று அங்கேயே பரப்பிவிட்டுப் போயிருந்தார். களையில் முக்கால்வாசி குப்பைமேனி. இலையாக நிற்கும்போது பூனை அதைத் திரும்பிப் பார்க்காது. வேர் வெளியே வந்தால் மயங்கிவிடும். சித்த வைத்தியத்தில் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அப்பாயி கனகாம்பரப் பாத்தியில் குப்பைமேனி பிடுங்கினால் கையோடு கொண்டுபோய் மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் வீசுவாள். குப்பையை ஒழித்துப் போடுகிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பூனையும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவள் ஒருநாளும் இதை யாருக்கும் விளக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மாடிப் பெண்ணைக் கூப்பிட்டு ஒப்பந்தம் பேசினேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி. அதில் மணல் நிரப்புவது நான். வேரோடு குப்பைமேனி கொண்டுவந்து பக்கத்தில் போடுவதும் நான். தினமும் கரண்டியால் அள்ளிச் சுத்தம் செய்வது அவள். ஷிப்ட் முடிந்து வரும் காலை நேரத்தில் செய்துவிடுவதாக ஒப்புக்கொண்டாள். காரணத்தையும் சொல்லி வைத்தேன்: அந்த நுண்ணுயிரியின் முட்டை மலத்தில் வந்து ஒரு நாளாவது ஆனால்தான் தொற்றும் சக்தி பெறும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது. “ஓகே ஆன்ட்டி, காலண்டர்ல போட்டுக்கிறேன்” என்றாள்.

மணல் வாங்க ஜிஎஸ்டி ரோட்டில் உள்ள ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

“என்ன வேலைக்கும்மா? கட்டு வேலையா, பூச்சு வேலையா?”

“ரெண்டும் இல்லைங்க.”

“கட்டு வேலைன்னா எம்-சாண்ட், பூச்சுன்னா பி-சாண்ட். வேலையைச் சொன்னாத்தானே கொடுக்க முடியும்?”

“பூனைக்கு.”

கடைக்காரர் கால்குலேட்டரை ஓரமாக வைத்தார். சிரிக்கவில்லை.

“பூனைக்கு எம்-சாண்ட் ஆகாதும்மா, குத்தும். ஆத்து மணல்தான். உள்ள பழைய ஸ்டாக் ரெண்டு மூட்டை கெடக்கு. எங்க வீட்டுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்.”

“வீடு கட்டுறீங்களா?”

“இல்லம்மா, நம்ம வீட்டுலயும் ரோஜா இருக்கு” என்று சொல்லி, ஒரு மூட்டையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.